இந்த மாத வாசிப்பு

நாயைக் கட்டுங்க, நாயைக் கட்டுங்க என்று
கத்திக்கொண்டுதான் ஒவ்வொரு வளவுக்குள்ளும் போகிறேன்.
தம்பிலுவிலில் இரண்டு கடி,
திருக்கோவிலில் ஒன்று.
அபிப்பிராயம் சொல்ல இந்தத் தகுதி போதும்.

கண்ணை மீட்டருக்குக் கொடுத்த பிறகு
காது சும்மாதானே இருக்கிறது.
காலை பத்து மணி நாடகத்தில்
போன கிழமை நஞ்சு குடித்த மருமகள்
இன்னும் சாகவில்லை.
அவளைச் சாகவிடாமல் வைத்திருப்பவன்
சவர்க்காரம் விற்கிறவன்.
அடுத்த வளவில் விவாதம்.
நாலு பேர் நாலு பெட்டிக்குள் நின்று குரைக்கிறார்கள்,
கட்டச் சொல்ல ஆளில்லை.

எதிர்க்கட்சியில் இருக்கும்போது
பில்லைக் கொளுத்திக் காட்டிய ஒருவர்
இப்போது பில்லை விளக்குகிறார்.
நன்றாகத்தான் விளக்குகிறார்.
விளக்குத்தான் எரியவில்லை.

பேரின்பத்தார் வீட்டுக் கூரையில் பதினாறு தகடு,
கட்டாரிலிருந்து மகன் போட்டது.
வெயிலை விற்றுக் காசு பார்க்கிற மனிதருக்கு
வருசப் பிறப்புக்குக் குறுஞ்செய்தி வந்தது:
கரண்ட் கூடிப்போச்சு,
தயவுசெய்து நிறுத்தி வையுங்கள்.
பெட்ரோல் வரிசையில் பாய் விரித்துப் படுத்த நாடு,
படுத்த முதுகு இன்னும் நிமிரவில்லை,
அதற்குள் சூரியன் மிச்சம்.
அவர் ஏணி வைத்து ஏறிப்
படங்கு ஒன்றை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார்.
சுவிட்ச் கீழேதான் இருக்கு ஐயா, என்றேன்.
“சுவிச்ச நம்பேலா தம்பி” என்றார் மேலிருந்தபடி.

கிளாக்கரின் மகன் சஜீபன்
போனை என் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்து
“பச்சை அண்ணே, எல்லாம் பச்சை” என்றான்.
அவன் அம்மா அந்நேரம்
அரைத் தேங்காயை இரண்டு கறிக்குப்
பங்கு வைத்துக்கொண்டிருந்தா.
எனக்குத் தெரிந்த பங்குச் சந்தை
அந்தக் குசினி மட்டும்தான்.
நெல்லைப் பற்றிக் கேட்காதீர்கள்.
கதிர் பச்சையாய் நிற்கையில் ஏறும் விலை
சாக்குத் தைத்ததும் இறங்கிப் படுக்கும்.

குணநாயகத்தார் கதிரையை இழுத்துப் போட்டார்.
“அறுகம்பைப் பக்கம் போனியா மனே?
விசிட் விசாவில வந்தவனுகள்
கடை போட்டு யாவாரம் பண்றானுகள்.
புடிச்சு ஏத்தி அனுப்பணும்.”
கையிலிருந்த போனில் அவருடைய மகன்,
டொரன்டோ, கம்பளித் தொப்பி,
விசிட் விசாவில் போய்
கிட்டங்கி ஒன்றில் பெட்டி தூக்குகிறவன்.
“அப்பா ஆரோட பேசுறீங்க?” என்றான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
“அது வேற, இது வேற” என்று
அவராகவே சொன்னார்.
நூற்று நாற்பத்திரண்டு யூனிட் என்றேன்.
அதுவும் வேறு யாருடையதோ
என்பதுபோல் பார்த்தார்.

அவரைச் சிரிக்க எனக்கென்ன யோக்கியதை?
கொரியப் பரீட்சை இரண்டு தரம் எழுதினேன்,
இரண்டாம் தரம் நாலு புள்ளியில் போனது.
கரண்டுக்கு அவர்கள் ஜொன்கி என்பார்கள்.
இந்தக் கரையில் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு
என்ன செய்வதென்று தெரியவில்லை.
மீன்காரன் கூட வாங்கமாட்டான்.

கடைசி வளவு யோகராணி ரீச்சருடையது.
போன ஆவணியில் நாலு பேரும் போனார்கள்.
எங்கே என்று கேட்டால்
ஊரில் மூன்று பதில் இருக்கிறது.
கேற்றில் பூட்டு, பூட்டில் துரு.
எட்டிப் பார்த்தால்
மீட்டர்ச் சக்கரம் சுற்றுகிறது,
நித்திரையில் புரள்கிறவரைப் போல.
பின்பக்கம் ஒரு பல்ப் பகலிலும் எரிகிறது.
மறந்து போனார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.
வீடு பூட்டு என்று அடிக்காமல்
ஆறு என்று அடித்தேன்.
மெசின் துண்டைத் துப்பியது.

முந்திய நிலுவை: இல்லை.

மாதா மாதம் யாரோ கட்டுகிறார்கள்.